கொளஞ்சியக்காவின் காலைக் கட்டிங்

உப்பளத்தில் யாரும் நடப்பதில்லை. தலையில் கூடை ஏறிவிட்டால் ஓட்டம்தான். நின்றால் ஈர உப்பிலிருந்து தண்ணீர் வடிந்து கழுத்துக்கு வரும், கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கும், அங்கே இருக்கிற வேர்க்குரு எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். அதனால் பாத்தியில் கூடையை நிரப்பியதிலிருந்து ரோட்டோரக் குவியலில் கொட்டுகிற வரை, ஒரு ஆள் மட்டும் கால் வைக்கக்கூடிய வரப்பில், பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடுவோம்.

எங்கள் வரிசைக்கு முதல் ஆள் கொளஞ்சியம்மாள். பக்கத்து வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதனால் அக்கா. வரிசையில் ஓடும்போது முன்னால் போகிறவளின் முகம் தெரியாது. சும்மாடும் பின்கழுத்தும் முதுகும்தான் தெரியும். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பளத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த முதுகுக்குப் பின்னால்தான் ஓடினேன். அது சிரிக்கிறதா, யோசிக்கிறதா, யாரையாவது திட்டப்போகிறதா என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். முக்கால்வாசி நேரம் அது சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

"ஏய் ஜெயா, உன் நிழலு எனக்கு முன்னாடியே போய்க் கொட்டிட்டு வந்துடுச்சிடி. நீ எங்கடி இருக்கே?" என்று திரும்பாமலே கத்துவாள்.

"என் நிழலுக்கு மாமியா கிடையாதுக்கா. நல்லா தூங்கிட்டு வந்திருக்குது" என்பாள் ஜெயா.

வரிசை முழுக்கச் சிரிக்கும். சிரித்தால் கூடை ஆடும், ஆடினால் உப்பு சிந்தும், சிந்தினால் மேஸ்திரி கத்துவார். அதற்கும் சிரிப்போம். இத்தனைக்கும் எங்களில் ஒருத்தி பாதமும் சிரிக்கிற நிலையில் இருக்காது. வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. முதல் நடை எரியும். இரண்டாவது நடையும் எரியும். வெயில் ஏறுவதற்குள் எரிச்சல் எங்கே போனது என்றே தெரியாது. உடம்பு லேசாகி ஒரு மிதப்பு வந்துவிடும். வேலை முடிந்து காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால்தான், நமக்குப் பாதம் என்று ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வரும்.

அது ஏன் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. ஒரு கண்ணாடித் துண்டுதான் யோசிக்க வைத்தது.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. கடல் கழிமுகம் வழியாக உப்பளத்துக்குள் ஏறி, பாத்திகளை எல்லாம் சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. மாசியில் சேற்றை வாரினார்கள். ஒற்றைச் செருப்பு, வலைத்துண்டு, ஒரு டிவி ரிமோட் என்று என்னென்னவோ வந்தன. எல்லாவற்றையும் வாரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சித்திரையில் ஓடத் தொடங்கினோம்.

ஒரு நாள் காலை வெள்ளை வரப்பில் அக்காவின் இடது கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. எனக்குச் சத்தமாகப் பேச வராது. நான் சொன்னது என் காதிலேயே விழுந்திருக்காது. எனக்குப் பின்னால் வந்த ஜெயாதான் கத்தினாள்.

"ஐயோ அக்கா, காலைப் பாரு!"

"இன்னாடி, மருதாணி நல்லா செவந்திருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போய், கூடையைக் கொட்டிய பிறகுதான் அக்கா குனிந்து பார்த்தாள். உள்ளங்காலில் உடைந்த பாட்டில் கண்ணாடி ஒன்று ஆழமாக ஏறி நின்றது. அதோடு எத்தனை நடை ஓடினாளோ.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சி. அதான் வுட்டுட்டேன்" என்றாள். பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து கண்ணாடியைப் பிடுங்கிப் போட்ட கொஞ்ச நேரத்தில் வலி வந்தது. வந்த வேகத்தில், மேஸ்திரியின் சைக்கிள் கேரியரில் ஏற்றுவதற்குள் அக்கா எங்கள் எல்லாருடைய பரம்பரையையும் திட்டித் தீர்த்துவிட்டாள்.

காயத்துக்குள் உப்புச் சேறு போய்ப் பழுத்துவிட்டது. கடைசியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கீறிச் சுத்தம் செய்தார்கள். துணைக்கு நான் இருந்தேன். பேசாத ஆள் என்பதால் ஆஸ்பத்திரித் துணை என்றால் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கட்டுப் பிரிக்க வந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். காயத்தைப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கண்ணாடி. குத்தினது எப்படிம்மா தெரியாம போச்சு?"

"ஓட்டத்துல இருந்தேங்க."

டாக்டரம்மா கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "கசகசா தெரியுமாம்மா?"

"கசகசாவா? காசு இருக்கறவங்க கொழம்புல போடறது."

"அந்தச் செடியோட காயைக் கீறினா பால் வரும். அதுதான் அபின். நேத்து காலைச் சுத்தம் பண்ணினதும் ஒரு ஊசி போட்டோம். வலியும் போச்சு, ஜம்முனு மெதக்கற மாதிரி இருக்குதுன்னு சொன்னீங்க இல்ல? அது அபின் ஜாதி மருந்து. அதே வேலையைச் செய்யற ஒன்னு உங்க மூளையிலேயே சுரக்குது. எண்டார்ஃபின்னு பேரு. மூச்சு வாங்க ஓடினா சுரக்கும். அடிபட்டா, பயந்தா சுரக்கும். கூட்டமா சேர்ந்து சிரிச்சாக்கூட சுரக்கும். வலி மேல ஏறாம கதவைச் சாத்திடும். மனசுக்கும் சொகமா இருக்கும்."

"நான் ஒன்னுமே சாப்பிடாமலா?"

"சாப்பிட வேணாம். உடம்பே தயார் பண்ணிக்கும். காட்டுல புலி துரத்தும்போது முள்ளு குத்திச்சுன்னு நின்னா புலி வுட்டுடுமா? தப்பிச்சு ஓடற வரைக்கும் வலி தெரியாம இருக்கறது நல்லதுதானே? உங்களுக்குத்தான் புலியே இல்லாம இப்படி ஆயிடுச்சு."

"மேஸ்திரி இருந்தாருங்க" என்றாள் அக்கா.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, முக்கியமானதைச் சொன்னார். "இந்தக் கால் இனிமே உப்புத் தண்ணியில படவே கூடாது. சேத்துலயும் வேணாம். இன்னொரு தடவை பழுத்தா காலையே எடுக்கற மாதிரி ஆயிடும். நல்லா ஆறின பிறகு நடங்க, ஓடுங்க, என்ன வேணா பண்ணுங்க. உப்பளம் மட்டும் கிடையாது."

சுவரோரம் தூக்குச்சட்டியோடு நின்றிருந்த அக்காவின் புருஷன் குழந்தைசாமி மாமா குறுக்கே வந்தார். அவரும் உப்பளம்தான், பாத்தியில் பலகை போட்டு உப்பு வாருகிறவர். சாயங்காலமானால் டாஸ்மாக் கடைப் பக்கம் போகிறவர்.

"அப்ப இவ இத்தனை வருஷமா உள்ளுக்குள்ளயே காய்ச்சிக்கினு இருந்திருக்காளா டாக்டர்?"

"அப்படியும் சொல்லலாம்."

"பார்த்தியா பூவிழி?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். "என்னை மட்டும் குடிகாரன், குடிகாரன்னு தெருவுக்கே சொல்லுவா. இவ தினமும் விடிஞ்சதும் ஏத்திக்கினுதான் வந்திருக்கா."

"என்னோடது ஏறினா சோறு ஆக்குவேன்" என்றாள் அக்கா. "உன்னோடது ஏறினா ஆக்கின சோத்தைக் கொட்டுவே. ரெண்டும் ஒன்னாய்யா?"

பக்கத்துக் கட்டில்களிலும் சிரித்தார்கள். நோயாளிகள் இப்படிச் சிரிக்கிற வார்டை நான் பார்த்ததில்லை.

கால் ஆற ஆடி வரை ஆனது. சேறும் ஆகாது என்றால் நடவு, களை எடுப்பு எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு உப்பை விட்டால் வயல், வயலை விட்டால் உப்பு. அக்கா வீட்டில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில்தான், சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு அமைப்பு அனுமந்தைப் பக்கத்தில் ஊதுபத்திக் கம்பெனி தொடங்கியது. காலைக் காட்டியதும் அக்காவை எடுத்துக்கொண்டார்கள்.

தெருவே வாயைப் பிளந்தது. நிழலில் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றும். காலையில் வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் வாசலிலேயே இறக்கிவிடும். ஊதுபத்திகளை எண்ணி உறைக்குள் போட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"கொளஞ்சியக்காவுக்கு ராசி கால்ல இருந்திருக்குது பாரு" என்றாள் ஜெயா. "எனக்கும் ஒரு கண்ணாடி குத்தித் தொலையக் கூடாதா?"

முதல் வாரம் அக்கா பவுடர் பூசிக்கொண்டு போனாள். இரண்டாவது வாரம், "அங்க பேசக் கூடாதுடி. பேசினா எண்ணிக்கை தப்பிடுமாம்" என்றாள். அதற்கு அடுத்து வந்த வாரங்களில் அவள் சொன்னதை எழுத முடியாது.

உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. கூடை சுமந்த காலத்தில் இல்லாத கழுத்துவலி, இடுப்புவலி. படுத்தால் தூக்கம் இல்லை. காகம் கத்தினால் காகத்தோடு சண்டை. குழாயடியில் குடம் இடித்துவிட்டது என்று ஜெயாவோடு சண்டை. ஜெயாவும் சும்மா இருக்கவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டது, உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடிவிட்டார்கள், அவளுக்கும் ஓட்டம் இல்லை. எங்கள் தெருவில் எல்லா வருஷமும் மழைக்காலம்தான் சண்டைக்காலம். கையில் காசு இல்லாததால் வருகிற சண்டை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அக்காவின் கையில் இப்போது சம்பளம் இருந்தது. சண்டை மட்டும் குறையவில்லை.

கம்பெனியில் முதலில் பக்கத்து நாற்காலிக்காரி மூக்கை உறிஞ்சுகிறாள் என்று சண்டை. அப்புறம் பசை கெட்டியாக இருக்கிறது என்று சண்டை. ஒரு நாள் எண்ணி வைத்திருந்த தட்டையே கவிழ்த்துவிட்டாள். சூப்பர்வைசர் சவரியம்மாள் வந்து, "ஃபேனுக்கு அடியில உக்காந்துகிட்டு உனக்கு என்னம்மா இவ்வளவு சூடு?" என்று கேட்டிருக்கிறார். "உங்க ஃபேனைக் கழட்டிக் கடல்ல போடுங்க" என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

சவரியம்மாள் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாராம். "இன்னொரு தடவை என்கிட்ட புகார் வந்தா, மறுநாள் வேன் உன் வாசலுக்கு வராது."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் கூடிவிட்டோம். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் செத்துப்போன யாரோ அவள்மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று ஜெயா சொன்னாள். பூசாரியை ஏற்கனவே கூட்டி வந்து வேப்பிலை அடித்துப் பார்த்தாகிவிட்டது. அக்கா அந்த வேப்பிலையைப் பிடுங்கி, "இதுல பாதி பழுப்பு. நல்லதா ஒடிக்கத் தெரியாதா?" என்று பூசாரியைத் துரத்திவிட்டிருந்தாள்.

குழந்தைசாமி மாமா அன்றைக்கு இன்னும் கடைப் பக்கம் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மாலை போட்ட வருஷம் ஞாபகம் இருக்குதா கொளஞ்சி?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"மொத வாரம் நான் எப்படி இருந்தேன்? உடம்பு பூரா முறுக்கும். தூக்கம் வராது. மேல ஈ குந்தினா ஈ மேல கோவம். உன் சமையல்ல உப்பு இல்லன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சேன்."

"உப்பளத்துக்காரி சமையல்ல உப்பு இல்லன்னு சொன்ன ஒரே ஆம்பளை நீதான்."

"சாமி குத்தம்னு நீ கூட விளக்கேத்துனே. சாமியும் இல்ல, குத்தமும் இல்ல. சரக்கு இறங்கிடுச்சி, அவ்வளவுதான். உனக்கும் அதுதான்." மாமா குரலைத் தாழ்த்தவில்லை, அவருக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை. "இருபது வருஷமா தினமும் காலையில ஏத்திக்கினவ நீ. டாக்டரம்மா சொன்னாங்கல்ல? திடீர்னு நிறுத்தி நாற்காலியில குந்த வெச்சிட்டாங்க. முறுக்காம இன்னா பண்ணும்?"

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்ங்கறே?"

"காலையில ஒரு கட்டிங் போட்டுட்டுப் போ."

கட்டிங் என்றால் ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிப்பது. அக்கா கையிலிருந்த டம்ளரை அவர்மேல் எறிந்தாள். மாமா பழக்கப்பட்டவர், சரியாக விலகிக்கொண்டார்.

"முழுசா இல்லடி. கொஞ்சம். உப்பளத்துல ஓடற ஓட்டத்துல கால்வாசி ஓடிட்டு அப்புறம் போய்க் குந்து. அப்புறம் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் இரண்டாவது டம்ளரை எடுக்கவும் இல்லை.

"வயசான பொம்பளை வெறுங்கையை வீசிக்கினு ரோட்டுல ஓடினா, யாரைத் துரத்தறேன்னு கேப்பாங்கய்யா" என்றாள்.

அதுதான் நிஜமான சிக்கல். எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா ஓடினால் பின்னால் கூட்டம் கூடிவிடும். தலையில் கூடை இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மறுநாள் விடிகாலையில் மாமா அவளுடைய பழைய உப்புக் கூடையை எடுத்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த மணலை வாரிப் போட்டுத் தூக்கிவிட்டார். காலுக்கு, சுனாமி நிவாரண மூட்டையில் வந்த ஒரு ஜோடி வெள்ளை கான்வாஸ் ஷூ இருந்தது. யாருக்கும் தேவைப்படாமல் கிடந்து, அதில் ஒன்றில் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. கோழியைக் கிளப்புவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஷூவும் சும்மாடும் கூடையுமாக அக்கா கிளம்பினாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, மதகு வரை ஓடி, அதே மணலோடு திரும்பி வந்தாள். வரும்போது முதுகெல்லாம் வேர்வை. கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கினாள்.

"பூவிழி, பசிக்குதுடி. உங்க ஊட்டுல பழையது இருக்குதா?"

ஐப்பசிக்குப் பிறகு அவள் என்னிடம் சண்டை இல்லாமல் பேசிய முதல் வார்த்தை அது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டி கஞ்சியைக் குடித்துவிட்டு வேனில் ஏறினாள். சாயங்காலம் வரும்போது, ஊதுபத்திக்கு வாசம்கூட இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவள் போலச் சொன்னாள்.

அப்போது மார்கழி பிறந்திருந்தது. மார்கழி விடியலில் ஒரு பெண் கூடையில் மண் சுமந்து ஓடி, கொட்டாமல் திரும்புகிறாள் என்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

"எந்த அம்மனுக்கு வேண்டுதலுக்கா?" என்று ஜெயா கேட்டாள்.

"வேண்டுதலும் இல்ல, ஒன்னியும் இல்ல. என் ஆளு கட்டிங் போடச் சொன்னான், போடறேன்."

"சொன்னா பலிக்காதுன்னு மறைக்கிறே. சரி, சொல்லாதே. எனக்குத் தெரியாதா?"

இரண்டு நாளில் ஜெயாவும் ஒரு கூடை மண்ணோடு வந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். விதிமுறைகளை அவர்களே உண்டாக்கினார்கள். மண்ணைச் சிந்தக் கூடாது, மதகில் இறக்கி வைக்கக் கூடாது, எடுத்த இடத்திலேயே கொட்ட வேண்டும். நான் கூடை எடுக்கவில்லை. பால் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பால்காரர் வீடு அந்தப் பக்கம் இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

பழைய வரிசை திரும்பிவிட்டது. பழைய பேச்சும்.

"ஏய் ஜெயா, வேண்டுதல் பலிச்சா இன்னா கேப்பே?"

"மாமியாளுக்குப் பேச்சு நிக்கணும்."

"அம்மன் ஒருத்தி போதாதுடி. ஊர்ல இருக்கற எல்லா அம்மனையும் கூப்பிடு!"

குழாயடியில் சண்டை குறைந்தது. அந்த மாதம் தண்ணீர் நன்றாக வந்ததும் காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. சிரித்துக்கொண்டு ஓடினால் நேரம் போவது தெரியாது. அக்கா திரும்புவதற்குள் வேன் வந்து வாசலில் நின்றுவிடும். டிரைவர் அந்தோணிராஜ் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். வேனுக்குள் இருக்கிற பெண்கள் முணுமுணுப்பார்கள். வேன் தாமதமானால் கம்பெனியே தாமதம். புகார் சவரியம்மாளிடம் போய்விட்டது.

ஒரு நாள் காலை வேனின் முன் சீட்டிலிருந்து சவரியம்மாளே இறங்கினார். நாங்கள் அப்போது ரோட்டில் இருந்தோம், இதெல்லாம் மாமா பிறகு சொன்னது. அந்தோணிராஜ் முகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தது. குழந்தைசாமி மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"எங்கய்யா அவ?"

மாமா ரோட்டைக் காட்டினார். பனிக்குள்ளிருந்து வெள்ளை ஷூ முதலில் தெரிந்தது. பிறகு அக்காவின் கூடை, அதற்குப் பின்னால் மூன்று கூடைகள், கடைசியில் நான். அக்கா எதையோ சொல்லி, வரிசையே குலுங்கிக்கொண்டு வந்தது. வேனைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டி, சவரியம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம்! நீங்களா? வாங்க, வாங்க. நம்ம ஊட்டுக்கெல்லாம் வருவீங்களா? ஏய் ஜெயா, டீ வாங்கியாடி!"

சவரியம்மாள் அந்தோணிராஜ் பக்கம் திரும்பினார். "யாருப்பா இது?"

"கொளஞ்சிதாங்க."

"நம்ம கொளஞ்சியா?"

கம்பெனியில் அவர் அக்காவின் பல்லைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் சொல்ல வந்ததை மறந்து நின்றார். பிறகு ஞாபகப்படுத்திக்கொண்டு, "என்ன வேண்டுதல்னாலும் வேனை நிறுத்தி வைக்கலாமா?" என்றார்.

"வேண்டுதல் இல்லீங்க" என்று மாமா உதவிக்கு வந்தார். "நான்தான் காலையில ஒரு கட்டிங் போடச் சொன்னேன். அது போட்டாத்தான் இவளுக்கு வேலை ஓடும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குடிக்கிறியா?" சவரியம்மாளின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "விடிஞ்சதும் விடியாததுமா குடிச்சிட்டுத்தான் வேலைக்கு வர்றியா? ஊது. என் முகத்துக்கு நேரா ஊது!"

அக்கா ஊதினாள். கூடையைக்கூட இறக்கவில்லை. ஓடி வந்த மூச்சு என்பதால் சவரியம்மாளின் முன் முடி பறந்தது.

"பல்பொடிதான் அடிக்குது" என்றார் சவரியம்மாள், குழம்பிப்போய்.

ஜெயாவால் அடக்க முடியவில்லை. அவள் சிரித்ததில் அவள் கூடை மண் பாதி சிந்தியது. வேனுக்குள்ளும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்தினாள். கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"மேடம், மார்கழி பொறந்ததுல இருந்து நான் கம்பெனியில யார்கூடவாவது சண்டை போட்டேனா?"

சவரியம்மாள் யோசித்தார். "இல்ல."

"எண்ணிக்கை தப்பினேனா?"

"இல்ல. நானும் பார்த்தேன். நீ ஃபேன் காத்துக்குப் பழகிட்டேன்னு நினைச்சேன்."

"ஃபேன் இல்ல மேடம். இதுதான்." காலை லேசாகத் தூக்கிக் காட்டினாள். "ஓடினா உடம்புக்குள்ளயே ஒன்னு ஊறுதுன்னு பாண்டி டாக்டரம்மா சொன்னாங்க. அது ஊறினா வலி தெரியாது, மனசு நல்லா இருக்கும். நான் சின்ன வயசுல இருந்து அதுலயே வளர்ந்துட்டேன். திடீர்னு நின்னதும் பேயாட்டம் ஆயிட்டேன். இந்தக் காலை உப்புல வெக்க முடியாது. உங்க நாற்காலியை வுட்டா எனக்கு வேற இடம் கிடையாது. ஆனா அதுல ஒழுங்கா குந்தணும்னா, அதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் ஓடியாவணும். வேனை நிறுத்தினது என் தப்புதான். அதுக்கு நீங்க இன்னா சொன்னாலும் சரி."

அந்தோணிராஜ் எஞ்சினை அணைத்துவிட்டான்.

சவரியம்மாள் ரோட்டைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், மண் கூடையைப் பார்த்தார்.

"நான் ஒரு தடவை சொன்னா மாத்தறது கிடையாது" என்றார். "நாளையில இருந்து வேன் உன் வாசலுக்கு வராது."

ஜெயா வாயில் கையை வைத்தாள். மாமா துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"மதகுல நிக்கும். வேன் அங்க வரும்போது நீ அங்க இருக்கணும். ஓடி வருவியோ பறந்து வருவியோ, அது உன் பாடு. இல்லேன்னா வேன் போய்க்கிட்டே இருக்கும்." முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கதவைச் சாத்துவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். "அந்த மண்ணை என் வேன்ல ஏத்தாதே."

அடுத்த நாளிலிருந்து கூடைக்குள் மணலுக்குப் பதிலாகச் சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர்க் கேனும் போயின. வேன் இப்போது அவள் வீட்டுக்கு வருவதில்லை, அவள்தான் வேனைத் தேடி ஓடுகிறாள். ஊருக்கு விஷயம் வேறு விதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. "வாசலுக்கு வந்துக்கினு இருந்த வேனை நிறுத்திட்டாங்களாமே, பாவம். பொம்பளைய ஓட வுடறாங்க" என்று கடைத்தெருவில் பரிதாபப்பட்டார்கள். அக்கா யாரையும் திருத்தவில்லை. மாமாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. வைத்தியம் சொன்ன கூலியாகத் தன் கட்டிங்கைக் கண்டுகொள்ளக் கூடாது என்று கேட்டுப் பார்த்தார். "நீயும் மதகு வரைக்கும் ஓடி வா. அப்புறம் பேசலாம்" என்றாள் அக்கா. ஒரு நாள் ஓடினார். பாதி வழியில் டீக்கடையில் நின்றுவிட்டார்.

மழை ஓய்ந்து, பாத்திகள் காய்ந்து, உப்பு வேலை மறுபடி தொடங்கியது. இப்போது வரிசைக்கு ஜெயா முதல் ஆள். எங்கள் வரப்பும் ரோடும் ஓரிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரும். விடிகிற நேரத்தில் நாங்கள் இந்தப் பக்கம் ஓடும்போது, அந்தப் பக்கம் வெள்ளை ஷூ போகும்.

"கொளஞ்சியக்கா, வேன் போயிடுச்சி!" என்று ஜெயா சும்மாவே கத்துவாள்.

"உன் நிழலு ஏறிக்கினு போச்சாடி?" என்று ரோட்டிலிருந்து பதில் வரும். திரும்பிப் பார்க்க மாட்டாள், நேரம் இல்லை. கூடைக்குள் தூக்குச்சட்டி கடகடக்க, அந்த முதுகு சிரித்துக்கொண்டே மதகுப் பக்கம் போகும்.